"நல்லா இல்ல" என்று சொல்ல ஒரு நாக்கு

"எப்பிடிப்பா இருக்குது?" என்று மகள் கேட்டாள்.

"நல்லா இருக்குதும்மா" என்று சொன்னேன்.

நல்லா இல்லை. வாயில் வைத்த முதல் கவளத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் சொன்னேன். அவள் கேட்டு முடிப்பதற்குள் சொன்னேன். யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்தால் அதை மரியாதை என்று வைத்துக்கொள்ளலாம். இது யோசிக்காமல் வந்த பொய். நான் வாயைத் திறக்குமுன் என் நாக்கு முந்திக்கொண்டு சொன்ன பொய். அந்த நாக்கை யார் பழக்கியது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. எங்கள் வம்சத்தில் முதல் இன்ஜினியர். மேலதிகாரிகளில் சிலர் ஜப்பான்காரர்கள். சம்பளம் கூடியதும் போன் பண்ணினாள்: "அப்பா, நீ ஒரு நாள் வா. நல்ல ஜப்பான் ஓட்டலுக்கு இட்டுகினு போறேன்." நான் ஆரணியிலிருந்து ஆற்காடு வழியாக பஸ் பிடித்துச் சென்னைக்குப் போனேன். வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்ட வேட்டி.

பெரிய ஓட்டலின் மாடியில் இருந்தது அந்தச் சாப்பாட்டுக்கூடம். கதவைத் திறந்ததும் உள்ளே நின்றவர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் என்னவோ கத்தினார்கள். ஒரு நிமிஷம் எனக்குத் திக்கென்றது. சத்தமாக யாராவது கத்தினால் ஒதுங்கி நிற்கிற பழக்கம் உடம்பில் இருக்கிறதே. "வாங்கன்னு சொல்றாங்கப்பா" என்று மகள் சிரித்தாள். வாங்க என்று என்னைப் பார்த்து அத்தனை பேர் கத்தியது அதுதான் முதல் தடவை.

சுஷி வந்தது. ஒரு வாய்க்கு அடங்குகிற சோற்றுக் கட்டி, அதன்மேல் பச்சை மீன் துண்டு. பழைய சோறும் கருவாடும் தின்று வளர்ந்தவனுக்கு ஆறின சோறும் மீனும் அந்நியமில்லை. ஆரணி பட்டுக்கு மட்டும் பேர்போன ஊரல்ல, அரிசிக்கும்தான். நெல் அவிக்கிற வாசனையில் வளர்ந்தவன் நான். சோறு எனக்குத் தெரியும். அந்தச் சோறு ஐஸ் பெட்டியிலிருந்து நேராக எடுத்துப் பிடித்த சோறு. பருக்கை விறைத்துப் போயிருந்தது. சுஷிச் சோறு உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும் என்று தன் மேலதிகாரி சொல்லியிருப்பதாக மகளே பிறகு சொன்னாள். மீனில் ருசி இல்லை, ஐஸின் வாடைதான் இருந்தது. கூட வந்த சாறு வெதுவெதுப்பு. ஜப்பான் சாப்பாட்டை நான் குறை சொல்லவில்லை. அதை அவர்கள் அன்றைக்குச் சரியாகச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

பட்டியல் அட்டையில் சைவத்துக்குத் தனியாக இரண்டு பக்கம். பச்சை மீனுக்குப் பேர்போன சாப்பாட்டில் பன்னீர் வைத்த சுஷி. நான் தேடியது அதில் இல்லை. பரிமாறுகிற தம்பியைக் கூப்பிட்டு, "மாட்டுக்கறி இருக்குதா?" என்று கேட்டேன். அவர் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "இல்ல சார், இங்க ஃபேமிலியெல்லாம் வர்றாங்க" என்றார். எதிரில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் ஃபேமிலி இல்லையா? ஜப்பான்காரன் சோறுகூட இங்கே பூணூல் மாட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டியிருக்கிறது.

பில் 7,000 ரூபாயைத் தாண்டியது. மகள் கார்டை நீட்டினாள். போகும்போது ஒருவர் வந்து, "சாப்பாடு எப்படி இருந்தது சார்?" என்று கேட்டார். மறுபடியும் சொன்னேன்: "ரொம்ப நல்லா இருந்துதுங்க."

*

பஸ்ஸில் திரும்பும்போது அந்த 'ங்க' என்னைக் குடைந்துகொண்டே வந்தது. மகளிடம் சொன்னதையாவது பாசம் என்று தள்ளிவிடலாம். காசு வாங்கிக்கொண்டு ஆறின சோறு போட்டவனிடம் ஏன் சொன்னேன்? அந்த 'ங்க' என் குரலும் இல்லை. எங்கேயோ கேட்ட குரல். காஞ்சிபுரம் போகிற ரோட்டைத் தாண்டும்போது ஞாபகம் வந்தது. அது என் அம்மாவின் குரல்.

எங்கள் அம்மா ஆரணியில் ஒரு பட்டு முதலாளி வீட்டில் புழக்கடை வேலை செய்தாள். மாட்டுக் கொட்டகை கூட்டுவது, பாத்திரம் கழுவுவது, சாக்கடை தள்ளுவது. தெருப்பக்கமாக அவள் அந்த வீட்டுக்குள் போனதே கிடையாது. சந்து வழியாகப் போய், சந்து வழியாக வருவாள். மாசத்துக்குக் கொஞ்சம் காசு. அது போக மிச்ச சோறு. மிச்ச சோறு தருமம் இல்லை, கூலியில் ஒரு பங்கு. "சோறும் போட்டு இவ்ளோ காசும் குடுக்கறோமே" என்று அவர்களே கணக்குச் சொல்வார்கள்.

நானும் சின்ன வயசில் அம்மாவுடன் போய் நிற்பேன். அலுமினியத் தூக்கை அம்மா கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். அந்த அம்மா மேலேயிருந்து ஊற்றுவாள். மறுநாள் கேட்பாள்: "நேத்து சாம்பார் எப்படிடி இருந்துச்சு?"

"அமிர்தமா இருந்துச்சிங்கம்மா."

அந்தச் சாம்பார் நுரைத்துப் போயிருந்தது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்ததும் அம்மா மோந்து பார்த்து, "தூ, நாய்கூட துன்னாது இத்த" என்று சாக்கடையில் ஊற்றியதையும் சோற்றை மட்டும் தண்ணீர் விட்டு மூன்று தடவை கழுவியதையும் பார்த்தவன் நான். அதே வாய் மறுநாள் 'அமிர்தம்' என்றது. ஒரு வாய்க்குள் இரண்டு நாக்கு. ஒன்று ருசி பார்க்க, ஒன்று ருசி சொல்ல. இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

அந்த அம்மா எதற்காகக் கேட்டாள் என்று இப்போது யோசிக்கிறேன். சாம்பார் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள அல்ல. அவளுக்கே தெரியும், தன் வீட்டார் தொடாமல் விட்டதைத்தானே ஊற்றினாள். ஊசிப்போனதை வாங்கித் தின்றால் மட்டும் போதாது, நன்றாக இருந்தது என்று சாட்சியும் சொல்ல வேண்டும். வயிற்றை வாங்கினவர்கள் தீர்ப்பையும் வாங்கிக்கொண்டார்கள்.

*

'பசி ருசி அறியாது' என்று ஒரு பழமொழி உண்டு. ஊர்க்காரர்கள் வாயில் அது இரக்கம் மாதிரிக் கேட்கும். உண்மையில் அது ஒரு தீர்ப்பு: பசித்தவனுக்கு ருசி கிடையாது, ஆகவே எதையும் போடலாம்.

இந்தப் பழமொழியைத் தத்துவமாகச் சொன்னவரும் உண்டு. ஜெர்மானியத் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட் 1790-ல் வெளியிட்ட, தீர்ப்புச் சொல்லும் திறனைப் பற்றிய நூலில் பசியைப் பற்றிப் பேசுகிறார். நல்ல பசிக்காரனுக்குத் தின்னக்கூடிய எதுவும் ருசிக்கும். அதனால் அவன் விரும்பித் தின்பதை வைத்து அவனுக்கு ரசனை உண்டு என்று சொல்ல முடியாது. தேவை தீர்ந்த பிறகுதான் கூட்டத்தில் யாருக்கு ரசனை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பிரிக்க முடியும் என்கிறார். வயிறு நிறைந்தவனே நீதிபதி.

காண்ட் எங்கள் அம்மாவைப் பார்த்ததில்லை. சோறு காலையில் வடித்ததா, முந்தின ராத்திரி வடித்ததா என்று மோந்தே சொல்லிவிடுவாள். எந்தப் பதத்தில் இருந்தால் கழுவித் தேறும், எந்தப் பதத்தில் இருந்தால் பிள்ளைக்கு வயிற்றுக்கு ஆகாது என்று விரலால் நசுக்கியே தெரிந்துகொள்வாள். அதில் தப்பு வந்தால் அவளுக்குப் பிள்ளை போய்விடும். வயிறு நிறைந்தவனுக்கு ருசி ஒரு பொழுதுபோக்கு, தப்பினாலும் நஷ்டமில்லை. பசித்தவளுக்கு ருசி உயிர்ப் பிரச்சினை. கூர்மையாகிற நாக்கு எது?

பசி ருசியை அறிவதோடு நிற்கவில்லை, ருசியைப் படைக்கவும் செய்தது. குடலும் ரத்தமும் கொழுப்பும் வேண்டாமென்று எறியப்பட்டவை. அவற்றைக் கொண்டு நம் பெண்கள் செய்த வறுவலையும் பொரியலையும் உப்புக்கண்டத்தையும் தின்றவர்களுக்குத் தெரியும், அது இல்லாதவர் செய்த சமாளிப்பு அல்ல என்று. அதற்குப் பக்குவம் உண்டு, காயவைக்கிற வெயில் கணக்கு உண்டு, மசாலா அளவு உண்டு.

இது நம் கதை மட்டும் அல்ல. அந்த ஓட்டல் யாருடைய சாப்பாட்டை விற்கிறதாகச் சொல்கிறதோ அந்த ஜப்பானிலேயே இதே கதை இருக்கிறது. 675-ல் தெம்மு என்ற பேரரசர் வருஷத்தில் சில மாதங்களுக்கு மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் கறியைத் தின்னத் தடை விதித்தார். பின்வந்த நூற்றாண்டுகளில் பௌத்தத்தின் கொல்லாமையும் ஷிந்தோவின் தீட்டும் கலந்து, செத்த மாட்டை அப்புறப்படுத்துகிறவர்கள், தோல் உரிக்கிறவர்கள், அறுக்கிறவர்கள் எல்லோரையும் ஊருக்கு வெளியே தள்ளின. அவர்களுக்கு வைத்த பெயரை எழுதும் எழுத்துகளுக்கே 'அழுக்கு மிகுந்தவர்' என்று பொருள். இன்று அவர்கள் புராக்கு மக்கள் எனப்படுகிறார்கள். 1871-ல் அரசாங்கம் அந்த இழிபெயர்களை ஒழித்து ஆணை போட்டது. 1872-ல் மெய்ஜி பேரரசர் மாட்டுக்கறி தின்றார் என்பது நாட்டுக்குத் தெரிவிக்கப்பட்டது. கறி மேலே போனது. கறி வெட்டினவர் கீழேயே நின்றார். டோக்கியோவின் ஷிபௌரா இறைச்சிக்கூடத் தொழிலாளிகளுக்கு வந்த வசவுக் கடிதங்களை அங்கேயே ஒரு காட்சிக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள்.

அந்த மக்கள் மாட்டுக் குடலைக் கொழுப்பு கக்கும்வரை பொரித்து ஒரு பண்டம் செய்தார்கள். கறியை உப்பிட்டு, உலர்த்தி, புகைபோட்டு இன்னொன்று செய்தார்கள். இரண்டாவதற்கு சாய்போஷி என்று பெயர். கேட்டதும் எனக்கு எங்கள் வீட்டுக் கூரைக் கம்பியில் தொங்கிய உப்புக்கண்டம்தான் கண்ணில் வந்தது. முதலாவதை இன்றைக்கு ஒசாகாவில் கடை கடையாக நூடுல்ஸில் போட்டு எல்லோரும் தின்கிறார்கள். சுஷியே மட்டும் என்ன? 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்றைய டோக்கியோவில் தெருவோரத் தள்ளுக்கடையில் கையால் எடுத்துத் தின்ற பண்டம்தான் அது. ருசியைக் கண்டுபிடிப்பவர் கீழே, ருசிக்குப் பெயரும் விலையும் வைப்பவர் மேலே. 1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் இந்த மக்கள் கூடி 'சுய்ஹெய்ஷா' என்ற சமத்துவ இயக்கத்தைத் தொடங்கினார்கள். 2001-ல் டர்பனில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் தலித்துகளும் அவர்களும் ஒன்றாக நின்று, தொழிலையும் பிறப்பையும் வைத்து நடத்தப்படும் பாகுபாட்டைப் பற்றி உலகத்திடம் பேசினார்கள். அந்த ஓட்டல் அட்டையில் நான் தேடிய ஜப்பான் அதுதான். சோயா சாறும் பச்சை மீனும் வந்தன. ஜப்பானின் சேரி மட்டும் வரவில்லை.

ஆகவே காண்ட் கேட்ட கேள்வியே தப்பு. யாருக்கு ரசனை இருக்கிறது என்பது கேள்வியல்ல. ரசனை எல்லோருக்கும் இருக்கிறது. யாருடைய ரசனை தீர்ப்பாகக் காதில் ஏறுகிறது, யாருடையது தொண்டைக்குள்ளேயே விழுங்கப்படுகிறது என்பதே கேள்வி.

*

சாதி இந்த விஷயத்தில் இரண்டு கட்டளைகள் போட்டிருக்கிறது. ஒன்று: நாங்கள் போடுவதைத் தின், நல்லா இருக்கிறது என்று சொல். இரண்டு: நல்லதாக எதையும் நீயாகத் தின்னாதே.

இரண்டாவது கட்டளைக்கு அம்பேத்கர் 1936-ல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் சாட்சி இருக்கிறது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் சக்வாரா என்ற ஊர். தீர்த்த யாத்திரை போய்த் திரும்பிய ஒரு தீண்டப்படாதவர் தன் சொந்த சாதியாருக்கு விருந்து வைக்கிறார். சொந்தக் காசு, சொந்த ஜனம். நெய் ஊற்றிய பண்டங்கள். அவ்வளவுதான் குற்றம். நூற்றுக்கணக்கான சாதி இந்துக்கள் தடிகளோடு வந்து சோற்றைப் பாழாக்கி, சாப்பிட உட்கார்ந்தவர்களை அடித்தார்கள். நெய் அவர்களுடைய அந்தஸ்தின் அடையாளமாம். யாரிடமும் நெய் கேட்கவில்லை, யாருடைய பந்தியிலும் போய் உட்காரவில்லை. தனக்கு எது ருசி என்று தானே தீர்மானித்ததற்கு அடி.

முதல் கட்டளையின் கடைசி எல்லை 2002-ல் திருச்சி மாவட்டம் திண்ணியத்தில் தெரிந்தது. தலித்துகளின் வாயில் மலத்தைத் திணித்தார்கள். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தன் குற்றப் பட்டியலில் முதலாவதாக வைத்திருப்பதே தின்னத் தகாததைத் தின்னவோ குடிக்கவோ கட்டாயப்படுத்துவதைத்தான். அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குச் சாதி எந்த வழியாக உடம்புக்குள் போகிறது என்று தெரிந்திருக்கிறது. ஆனால் ஊசிப்போனதைக் கொடுத்துவிட்டு 'அமிர்தம்' என்று சொல்லவைப்பதற்கு எந்தப் பிரிவு? அதற்குச் சட்டம் போடவும் முடியாது. அங்கே கட்டாயப்படுத்தியவர் கையில் தடி இருக்காது, கரண்டிதான் இருக்கும்.

இந்தக் கட்டளை கிராமத்துப் புழக்கடையோடு முடிந்துபோனதா? நான் படித்த காலத்தில் தங்கியிருந்த அரசு விடுதியில் ஒரு நாள் சோற்றில் புழு இருந்தது. நாலைந்து பையன்கள் தட்டோடு போய் நின்றோம். வார்டன் தட்டைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தார். "உங்க வூட்ல இன்னாடா துன்னுவீங்க? இதுகூட கெடைக்காதே." அவ்வளவுதான் பதில். புழுவைப் பற்றிய கேள்வி எங்கள் பிறப்பைப் பற்றிய பதிலாக மாறிவிட்டது. தட்டோடு திரும்பி வந்தோம். புழுவை எடுத்துப் போட்டுவிட்டுத் தின்றோம்.

2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா நடத்த ஏற்பாடு செய்தது. எங்கள் பழைய வடாற்காட்டின் இன்னொரு மூலைதான் ஆம்பூர். தோல் தொழில் ஊர். அந்தத் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடம் இல்லை. எதிர்ப்பு கிளம்பியது. மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டித் திருவிழாவைத் தள்ளிவைத்தார்கள். எங்கள் நாக்கைத் திருவிழாவுக்குள் விடுவதைவிட மழைக்குப் பயப்படுவது சுலபம். அந்த ஓட்டல் தம்பி குரலைத் தாழ்த்தியதும், அந்த அரசு அறிவிப்பு எதையோ சொல்லாமல் விட்டதும் ஒரே பழக்கம்தான்.

*

இதை எழுதப்போகிறேன் என்று ஒரு தோழரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு வேளை கஞ்சிக்கு வழியில்லாதவங்க இன்னும் சேரியில இருக்காங்க. நீ 7,000 ரூபாய்க்குத் துன்னுட்டு ருசி பத்தலன்னு கட்டுரை எழுதுறியா? இது நடுத்தர வர்க்கத் தலித்தின் ஏப்பம்."

கேள்வி நியாயம்தான். அந்த 7,000 ரூபாய் எங்கள் அம்மா எத்தனை வருஷம் சாக்கடை தள்ளின காசு என்று நானும் கணக்குப் போட்டேன். ஆனால் தோழர் சொல்வதற்குள் பழைய குரல் ஒன்று ஒளிந்திருக்கிறது. முதலில் வயிறு, ருசி அப்புறம். அதைத்தானே வார்டன் சொன்னார்? பசி தீரும்வரை தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றால், எங்கள் பசி எப்போது தீரும் என்பதையும் அவர்களே தீர்மானிப்பார்கள். ரேஷன் அரிசி நாறுகிறது என்று திருப்பி நீட்டுகிற பெண் பசியில்லாதவள் அல்ல. சத்துணவில் பல்லி கிடந்தால் தட்டைத் தள்ளுகிற பிள்ளை நடுத்தர வர்க்கம் அல்ல.

என்னைத் தடுமாற வைத்தது வேறொரு கேள்வி. 'நல்லா இல்ல' என்பது இதுவரைக்கும் யாருடைய வார்த்தை?

எனக்குப் பத்து வயசில் நைனா ஒரு தறிக்காரரிடம் 500 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு என்னை விட்டார். தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளிக் கொடுக்கிற வேலை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. எனக்கும் தெரியாது, நைனாவுக்கும் தெரியாது. சேலை முடிந்ததும் அறுத்து எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போவோம். நான் வாசலுக்கு வெளியே. முதலாளி சேலையை விரித்து வெளிச்சத்தில் பிடிப்பார். பத்துப் பதினைந்து நாள் உழைப்பு அந்த வெளிச்சத்தில் தொங்கும். "கரை இழுத்திருக்குது. இழை போயிருக்குது. நல்லா இல்ல." கூலியில் பிடித்தம். திரும்பி வருகிற வழியில் தறிக்காரர் என் பிடரியில் ஒன்று வைப்பார். முதலாளியின் 'நல்லா இல்ல' அவர் வழியாக இறங்கி என் பிடரியில் வந்து நிற்கும். எனக்குக் கீழே யாரும் இல்லை.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் என் நைனா இருந்தார். ஊரில் எவன் எதைக் கொடுத்தாலும் 'நல்லா இருக்குதுங்க' என்று வாங்கிக்கொள்கிறவர், வீட்டில் குழம்பில் உப்பு ஒரு கல் கூடினால் தட்டைத் தூக்கி எறிவார். சுவரில் குழம்பு வழியும். அம்மா தரையைத் துடைத்துவிட்டு, மிச்சத்தைத் தானும் தின்னாமல் எங்களுக்குப் போடுவாள். புழக்கடையில் 'அமிர்தம்' சொல்லிவிட்டு வந்தவளுக்கு வீட்டில் கிடைத்த தீர்ப்பு அது. சாதி நைனாவின் நாக்கைப் பிடுங்கியது. நைனா அம்மாவிடம் அந்தக் கணக்கைத் தீர்த்தார். நம் எழுத்தில் இதை எத்தனை தடவை எழுதியிருக்கிறோம், தோழர்களே?

ஆகவே அந்த ஓட்டலில் என் நாக்கு மடங்கியதற்குப் பயம் மட்டும் காரணம் அல்ல என்று தோன்றுகிறது. 'நல்லா இல்ல' என்று சொன்னால் நான் முதலாளி ஆகிவிடுவேனோ, நைனா ஆகிவிடுவேனோ என்ற கூச்சமும் உண்டு. மேடையில் நின்று எங்கள் கண்ணெதிரே சோறு பிடித்துக் கொடுத்தவன் மணிப்பூரிலிருந்து வந்த ஒரு பையன். என் மகளைவிடச் சின்னவன். சோற்றை ஐஸ் பெட்டியில் வைக்கச் சொன்னது அவனா? நான் குறை சொன்னால் அது யார் பிடரியில் போய் நிற்கும்?

அப்படியென்றால் வாயை மூடிக்கொள்வதுதான் அறமா? இல்லை. வாயை மூடினால் ஓட்டல் முதலாளிக்குத்தான் லாபம், அந்தப் பையனுக்கு ஒன்றும் இல்லை. எனக்குப் படுவது இது. 'நல்லா இல்ல' என்பதில் இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று கூலியைப் பிடிக்கிற 'நல்லா இல்ல'. சொல்கிறவன் அதைத் திருப்பிக் கேட்கமாட்டான். முதலாளியிடம், "நீங்க குடுக்கிற கூலி நல்லா இல்ல" என்று தறிக்காரர் சொல்ல முடியாது. நைனாவிடம், "நீ குடிச்சிட்டு வர்றது நல்லா இல்ல" என்று அம்மா சொல்ல முடியாது. இன்னொன்று சமமாக உட்கார்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற 'நல்லா இல்ல'. நான் உனக்குச் சொல்லலாம், நீ எனக்குச் சொல்லலாம், யாருக்கும் சோறு போகாது. தன் காதிலும் அதே வார்த்தை விழச் சம்மதிக்கிறவனுக்குத்தான் அதைச் சொல்ல உரிமை.

நமக்கு இதுவரை முதல் ஜாதி மட்டும்தான் தெரியும். வாங்கத் தெரியும், வீட்டுக்குள் கொடுக்கவும் தெரியும். இரண்டாவதைப் பழக வேண்டும்.

*

மகளுக்குப் போன் பண்ணினேன். "அன்னிக்குப் பொய் சொல்லிட்டேம்மா. அந்தச் சாப்பாடு நல்லா இல்ல."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சிரித்தாள். "எனக்கும் புடிக்கலப்பா. நீ அவ்ளோ தூரம் பஸ்ல வந்தியேன்னு நான் சொல்லல."

எதிரெதிரே உட்கார்ந்து, சொந்தக் காசில், யாரும் மிரட்டாமல், இரண்டு பேரும் 'அமிர்தம்' சொல்லியிருக்கிறோம். அவள் ஒரு நாளும் புழக்கடையில் நின்றதில்லை. அந்த நாக்கு சொத்து மாதிரி அவளுக்கும் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு எண்பது ஆகப்போகிறது. "ஏழாயிரம் குட்துட்டா சும்மா வந்த? நான் ஓசில வாங்கித் துன்னவ, சொல்ல முடியாது. நீ காசு குட்தவன், சொல்லலாம் இல்ல?" என்றாள்.

"ஓசியா? நீ தள்ளின சாக்கடைக்கு அது கூலிம்மா. நீயும் காசு குட்துதான் துன்ன."

அம்மா பதில் பேசவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக அவள் ஓசி என்றே நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். கூலியைத் தருமமாக்கியதுதான் அந்த வீட்டுக்காரர்கள் செய்த பெரிய திருட்டு. சோறு ஊசிப்போனது அதற்கு அப்புறம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் சமைத்தேன். மாட்டுக்கறி வாங்கி வந்து, அம்மா செய்கிற மாதிரியே மிளகு போட்டு. அம்மாவை உட்காரவைத்துத் தட்டில் போட்டுக் கொடுத்தேன். எண்பது வருஷத்தில் அவளுக்கு ஆம்பிளை யாரும் சமைத்துப் போட்டதில்லை. ஒரு வாய் வைத்தாள்.

"எப்பிடிம்மா இருக்குது?"

"நல்லா இருக்குதுடா."

அதே வேகம். கேட்டு முடிப்பதற்குள் வந்துவிட்டது.

"பொய் சொல்லாத. மெய்யா சொல்லு."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் கோபமாகக் கேட்கிறேனா என்று பார்த்தாள். இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டு நிதானமாக மென்றாள்.

"கறி வேகல. உப்பும் பத்தல" என்றாள். அப்புறம், "மொளகு தூக்கலா கீது" என்றாள்.

நான் எழுந்து போய் உப்பு எடுத்து வந்தேன்.